ரோஸ் கலர் மோர்

லிதுவேனியா எந்தப் பக்கம் என்று
வண்ணார்பேட்டை கார் ஸ்டாண்டில் ஒருத்தனுக்கும் தெரியாது.
ஆறு நாள் வாடகை, டீசல் தனி.
ரெண்டு ஆம்பிளை, ரெண்டு பொம்பிளை,
ஒண்ணாம் வகுப்பிலிருந்தே கூட்டாளிகளாம்.
ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டதில்
நானே கண்டுபிடித்திருந்தேன்.

முதல் நாள் எல்லாம் பிடித்தது.
நெல்லையப்பர் கோயில் தூணில் காதை வைத்து
ரூத்தா கண்ணை மூடிக்கொண்டாள்.
கிருஷ்ணாபுரத்தில்
கல்லில் ஓடும் நரம்பைத் தொடப்போய்
டோமாஸ் வாட்ச்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.
இலையில் சுடச்சுட அல்வா,
முழங்கைவரை நெய்.
'இன்னொண்ணு' என்கிற தமிழை
அன்றைக்கே படித்துவிட்டார்கள்.

மூணாம் நாள் மணிமுத்தாறு.
அருவியை யாரும் பார்க்கவில்லை.
போட்டோ எடுத்தார்கள், அது வேறே.
பின் சீட்டில் ஒரே வார்த்தை
திரும்பத் திரும்ப.
இங்கா போனில் தட்டி என் முகத்துக்கு நீட்டினாள்:
'கறுப்பு ரொட்டி கிடைக்குமா?'
கருகின ரொட்டியா என்று கேட்டேன்.
போன் அதை எப்படிச் சொன்னதோ,
யாரும் சிரிக்கவில்லை.

அம்பாசமுத்திரம் பேக்கரியில்
கோதுமை ரொட்டி எடுத்துக் காட்டினார்கள், பன் காட்டினார்கள்,
கடைசியில் பிளம் கேக்கைக் காட்டி
'இது கறுப்புத்தான' என்றார்கள்.
விட்டாஸ் மோந்து பார்த்துவிட்டு
வாசற்படியில் போய் உட்கார்ந்தான்,
ஆறேகால் அடி,
இடுப்புப்பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்து பாதியில் நின்றது.

துபாயில் நானும் மூணு பேரும்,
மேலப்பாளையம் காதர்மீரான், பணகுடி செல்வின்,
பேட்டை சங்கரபாண்டி,
ஒரு வெள்ளிக்கிழமை
அந்தப் பெரிய கட்டடத்தில் ஏறினோம்.
டிக்கெட்டுக்கு மூணு நாள் சம்பளம்.
கீழே கடல், மணல், தீப்பெட்டிக் கார்கள்.
சங்கரபாண்டி கண்ணாடியில் நெற்றியை முட்டி நின்று
'சொதிக்கு இஞ்சிப் பச்சடிதாம்ல.
சிப்ஸெல்லாம் பொறவு வந்தது' என்றான்.
செல்வின் ஒத்துக்கொள்ளவில்லை.
காதர்மீரான் ஆயுசில் ஒரே ஒரு தடவை
யார் வீட்டு மறுவீட்டிலேயோ சொதி தின்றவன்,
அவன்தான் அதிகம் கத்தினான்.
லிப்ட் இறங்கி முடிகிறவரை இதே பேச்சு.
மேலே என்ன பார்த்தாய் என்று இன்றைக்குக் கேட்டாலும்
தேங்காய்ப்பால் என்றுதான் சொல்லுவேன்.

வண்டியைத் திருப்பினேன்.
ஆற்றுப்பாலம் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி,
சொர்ணத்தாய் மெஸ்.
ரூத்தா போனில் ஒரு படம் காட்டினாள்:
கிண்ணம் நிறைய ரோஸ் கலர்.
'ஏ, இது பீட்ரூட்டு மோருல்லா' என்றாள் சொர்ணத்தாய்.
'வெள்ளரிக்காய் சரி. முட்டை எதுக்கு?
மோர்லயா? சவத்த...
தொட்டுக்கிட சுடு உருளைக்கிழங்கா? அது கெடக்கு.
அந்தப் பச்சை என்னது?'
சதகுப்பை என்றது போன்.
'அது பிள்ளை பெத்தவளுக்குல்லா குடுப்போம்,
இவ்வொள்ல யாரு பெத்திருக்கா?' என்று
கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டாள்.

நாலு பேரும் பேசவே இல்லை.
கரண்டிச் சத்தம் மட்டும்.
ரூத்தா நடுவில் நிறுத்தி எதையோ போனில் சொன்னாள்.
அது பெண்குரலில் தமிழில் சொன்னது:
'இது அது இல்லை.'
சொர்ணத்தாய்க்கு முகம் சுருங்கியது.
ரூத்தா அதற்குள் கிண்ணத்தை
இரண்டாம் தடவை நீட்டியிருந்தாள்.
இன்னொண்ணு.
விட்டாஸ் மோர்மிளகாயைக் கடித்து
கண்ணில் தண்ணீர் வடிய உட்கார்ந்திருந்தான்.
எதற்கு வடிந்தது என்று நான் கேட்கவில்லை.

எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார்கள்.
நாலு முகமும் என் வாயையே பார்த்தன.
உப்பு பத்தாது.
கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

சேரன்மகாதேவி தாண்டும்போது
பின்கண்ணாடியில் மலை முழுக்க மழை இறங்கியது,
வயலெல்லாம் ஒரு நிறமாகி,
பார்க்கவேண்டிய காட்சி.
'ஸார், அன்னா பாருங்க' என்றேன்.
நாலு பேரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து
நல்ல தூக்கம்.